ஆண்டு விழாவுக்கும் காப்பீடு உண்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான்தான் பொறுப்பாசிரியர். மாலை ஆறரை மணி இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காற்று எழுந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியை ஏற்றி வைத்திருந்த இரும்புத் தாங்கி சாய்ந்து, ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு மாணவியின் பாட்டி மீது விழுந்தது. தோள் எலும்பு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் முதலுதவி, பிறகு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை. மறு வாரம் அவருடைய மகன் பள்ளிக்கு வந்தார். சண்டை போடவில்லை. ரசீதுகளை மேசை மீது வைத்துவிட்டு, "விழா நடத்தினது நீங்கதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஒலிபெருக்கிக்காரர் காற்றைக் காரணம் சொன்னார். பந்தல்காரர் தனக்குச் சம்பந்தமே இல்லை என்றார். ஆசிரியர்கள் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டோம். பாதிச் செலவுக்குத்தான் வந்தது. மீதிக்கு அந்தக் குடும்பம் கடன் வாங்கியது.

அந்த மகன் கேட்ட கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது. நாலு பேரை அழைத்து ஓர் இடத்தில் கூட்டுபவருக்கு, வந்தவர்களின் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுக்கும் கடமை உண்டு. அதில் தவறினால் இழப்பீடு கொடுக்க வேண்டும். இதற்கு நம் பள்ளிக்கூட உலகத்திலேயே ஒரு கொடிய முன்னுதாரணம் இருக்கிறது. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானா மாநிலம் டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா நடந்தது. திருமண மண்டபத்தில் போட்ட பந்தலின் செயற்கை இழைத் துணி தீப்பற்றி 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகள். 2009-இல் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம், இழப்பீட்டுப் பொறுப்பை அரசுத் தரப்போடு விழா நடத்திய தரப்பின் மீதும் சுமத்தியது. பந்தல் நம்முடையது அல்ல, மின்சாரம் நம்முடையது அல்ல என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகுதான் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். பொதுத்துறையில் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என நான்கு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் உள்ளன. தனியார் நிறுவனங்களும் உண்டு. விழா ரத்தானால் வரும் நட்டம், வாடகைப் பொருள்களின் சேதம் ஆகியவற்றுக்கெல்லாம்கூடக் காப்பீடு இருக்கிறது. பள்ளிக்கு அவை அவ்வளவு முக்கியமல்ல. நமக்கு வேண்டியவை இரண்டு. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம்.

முதலாவது, பொதுப் பொறுப்புக் காப்பீடு. நம் கவனக்குறைவால் வெளியாருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டு, நாம் சட்டப்படி கொடுக்க வேண்டியதாகும் தொகையை இது ஏற்கும். அந்தப் பாட்டிக்கு நேர்ந்தது இந்த வகை. தாங்கியைக் கயிறு போட்டுக் கட்டாதது யாருடைய தவறு என்ற கேள்வி அங்கே எழுகிறது. இரண்டாவது, தனிநபர் விபத்துக் காப்பீடு. இதில் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. கபடி ஆடும்போது ஒரு மாணவன் கால் முறிந்து விழுந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது; அங்கே முதல் வகை உதவாது, இரண்டாவதுதான் உதவும். போட்டியில் ஓடுபவர்களையும் மேடையில் ஆடுபவர்களையும் பல பொறுப்புக் காப்பீடுகள் விலக்கிவிடுகின்றன என்பதால், பிள்ளைகளுக்கு இது தனியாகத் தேவை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அது 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம், மருத்துவச் செலவுக்கு அல்ல. சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரை அதில் சேர்த்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

மும்பையின் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் 2022-இல் தன் விநாயகர் சதுர்த்தி விழாவை 316 கோடி ரூபாய்க்கு மேல் காப்பீடு செய்தது செய்தியானது. அவ்வளவும் நகைக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் சுமார் 263 கோடி தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையற்காரர்கள், காவலர்கள் ஆகியோருக்கான விபத்துக் காப்பீடு. பொன், வெள்ளி ஆபரணங்களுக்கு ஏறத்தாழ 32 கோடி. பந்தலுக்கு வரும் மக்களுக்கான பொறுப்புக் காப்பீடு 20 கோடி.

இணையத்தில் தேடினால் 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் கண்ணில் படும். அது போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பின் வந்த, அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான சட்டம். பெயர் ஒன்றாக இருப்பதால் நானே ஒரு மாலைப் பொழுதை அதைப் படித்து வீணாக்கினேன்.

விண்ணப்பப் படிவத்தில் இடம், நாள், எதிர்பார்க்கும் கூட்டம், தற்காலிகப் பந்தல், மேடை, ஜெனரேட்டர், வாணவேடிக்கை எல்லாம் கேட்பார்கள். ஐந்நூறு பேர் என்று எழுதிவிட்டு இரண்டாயிரம் பேரைக் கூட்டினால், வாணவேடிக்கையை மறைத்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். காப்பீட்டுக் காலம் விழா நாள் மட்டும் என்று போடாதீர்கள். பந்தலுக்குக் கால் நடும் நாளில் தொடங்கி, பிரித்து ஏற்றும் நாள் வரை இருக்க வேண்டும். ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, மொத்தக் காலத்துக்கு எவ்வளவு என்ற இரண்டு வரம்புகளையும் பாருங்கள். பந்தல்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்று முன்பணம் கொடுக்கும்முன் கேளுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் மருத்துவமனை. அதில் இரண்டாம் யோசனை வேண்டாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலை, நாம் ஏ.ஆர். காப்பி என்போமே அதை, வாங்கிவையுங்கள். கலைந்த பொருள்களை எடுத்து வைக்கும் முன் புகைப்படம் எடுங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: "எல்லாச் செலவையும் பள்ளி ஏற்கும்" என்று எழுதிக் கையொப்பமிடாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது இத்தகைய பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. ஆறுதல் சொல்லவும் உடன் இருக்கவும் எந்த நிபந்தனையும் தடையில்லை.

விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை லோடு வண்டியில் ஏற்றிப் போகும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார் என்று ஓட்டுநர் சொல்வார், இருக்கும். ஆனால் சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் விழாவுக்கு இரண்டு காப்பீடுகளும் எடுத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் முணுமுணுப்பு இருந்தது. பிரீமியத் தொகை ஒலிபெருக்கி வாடகையைவிடக் குறைவு என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது. இந்த முறை தாங்கிகளை நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வட்டார விளையாட்டுப் போட்டிக்கு மினி பஸ் பேசியிருக்கிறோம். லோடு வண்டியைப் போல இரண்டு மடங்கு வாடகை கேட்கிறார்கள். அதற்கான பணத்தை எங்கே தேடுவது என்று வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேச வேண்டும்.