பூச்சியின் தீனியைக் கேளுங்கள்

தமிழர்களுக்குப் பூச்சியுணவு புதிதல்ல. கிராமங்களில் ஈசலை அரிசியோடு வறுத்து உண்பது பழைய வழக்கம். இன்று தாய்லாந்தில் சிள்வண்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது.

பூச்சிக்கொல்லி பட்டால் பூச்சி செத்துவிடுமே, உயிரோடிருப்பதில் விஷம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லும் அளவை எட்டாத மருந்து உடலிலேயே தங்கக்கூடும். குவைத்தில் 1988-89இல் பிடிபட்ட வெட்டுக்கிளிகளை ஆராய்ந்தபோது பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது தெரியவந்தது.

பண்ணைப் பூச்சிக்கு எச்சம் வரும் முக்கிய வழி தீனி. பேராவில் ஈப்போவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. அங்கே முதுகில் பம்பு சுமந்து களைக்கொல்லி தெளித்த நம் பெண்கள் பலர். அப்படித் தெளிக்கப்பட்ட பாராகுவாட், மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மருந்தடித்த நிலத்தோரம் பறித்த மரவள்ளி இலையைத் தீனியாகப் போட்டால், எச்சமும் கூடவே வரலாம்.

அறுவடைக்கு முன் ஒருநாள் பட்டினி போட்டால் பூச்சியின் குடல் காலியாகும். கொழுப்பில் தங்கிய மருந்து போகாது. வறுத்தாலும் முழுதாக நீங்கும் என்று நம்ப முடியாது. விலை கேட்கும் முன், தீனி எங்கே விளைந்தது என்று கேளுங்கள்.