சென்னையில் எத்தனை அடுப்பு?

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் ரெட்டிபாளையத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது சென்னையில் இருக்கிறார். கட்டட வேலைக்குப் போனவர் உண்டு. கம்பெனி வேலைக்குப் போனவர் உண்டு. நர்சிங் படிக்கப் போன அக்காமாரும் உண்டு. அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்த அந்த மாநகரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், எத்தனை குடும்பங்களாக வாழ்கிறார்கள் என்பதை அறிவது நமக்குப் பொது அறிவு மட்டுமன்று. அது நம் சொந்த வீட்டுக் கணக்கும் ஆகும். ஆதலால் அதனை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு கேள்வி, மூன்று விடைகள்

சென்னையின் மக்கள்தொகை எவ்வளவு? தேர்வில் இக்கேள்வி வந்தால் மூன்று விடைகள் எழுதலாம், மூன்றும் சரியானவையே. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேர் இருந்தனர். அது சுமார் 176 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழைய மாநகராட்சி. அதே 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் முதலிய பகுதிகளைச் சேர்த்து மாநகராட்சியின் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்தப் பரப்பில் வாழ்ந்தவர்களை அதே கணக்கெடுப்பைக் கொண்டு கூட்டினால் சுமார் 67 லட்சம் ஆகிறது. தாம்பரம், ஆவடி போன்ற அண்டை நகரங்களையும் தொடர்ந்து வீடுகள் நெருங்கியிருக்கும் இடங்களையும் சேர்த்து நகரத் தொகுதி என்று கணக்கிட்டால் 86,53,521 ஆகிறது. கோட்டை எங்கே போடுகிறோமோ, அதைப் பொறுத்தது விடை.

1901-ஆம் ஆண்டில் அன்றைய சென்னப்பட்டினத்தின் மக்கள்தொகை 5,09,346 தான். 2011-க்குள் மாநகராட்சியின் மக்கள் மட்டுமே ஒன்பது மடங்கு ஆகிவிட்டனர். ஆனால் 2001-க்கும் 2011-க்கும் இடையில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் சென்னை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏழு பேர்தான் கூடினர். பக்கத்தில் இருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலோ நூற்றுக்கு முப்பத்தொன்பது பேரும், திருவள்ளூர் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேரும் கூடினர். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் தண்ணீர் சுற்றிலும் வழியும் அன்றோ? சென்னை அவ்வாறுதான் வளர்கிறது.

செண்டுக் கணக்கு

2011-இல் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வாழ்ந்தனர். நம் அரியலூர் மாவட்டத்தில் 389 பேர். இவ்வெண்களைப் படித்தால் மனத்தில் படம் தோன்றாது. ஆகவே நம் ஊர் வழக்கப்படி செண்டுக் கணக்கில் மாற்றிப் பார்த்தோம். மாவட்டத்தின் நிலம் முழுவதையும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டால், அரியலூர் மாவட்டத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 63 செண்டு கிடைக்கும். சென்னையில் ஒரு செண்டுகூட முழுதாகக் கிடைக்காது. அந்த ஒரு செண்டுக்குள்ளேதான் அவருடைய பங்குக்கான சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் பாதை, கடற்கரை மணல் எல்லாமே அடங்க வேண்டும்! அங்கே வீட்டின்மேல் வீடு கட்டுவது ஆடம்பரத்துக்காக மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும். 2011-இல் அந்நகரில் 13,42,337 பேர், அதாவது நூற்றுக்கு இருபத்தொன்பது பேர், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

குடும்பம் என்பது யாது?

இனிக் குடும்பங்களைப் பார்ப்போம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நாம் சொல்வோம். கணக்கெடுப்பாளர் அப்படிச் சொல்வதில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் ஆக்கிய உணவை உண்பவர்களே அவருக்கு ஒரு குடும்பம். இரத்த உறவு இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒரே கூரையின்கீழ் அண்ணன், தம்பி இருவரும் தனித்தனியே சமைத்தால் அவை இரண்டு குடும்பங்கள். முன்பின் அறியாத மூன்று இளைஞர்கள் ஓர் அறை எடுத்துச் சேர்ந்து சமைத்து உண்டால் அவர்கள் ஒரு குடும்பம். ஆக, இக்கணக்கில் அடுப்புதான் அளவுகோல்.

விடுதிகள், அநாதை இல்லங்கள், ஆசிரமங்கள், சிறைச்சாலைகள் ஆகியவை நிறுவனக் குடும்பங்கள் என்று தனியே எழுதப்படுகின்றன. விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியரும் அவ்வாறே. அவர்கள் வீட்டில் அல்ல, விடுதியிலேயே எண்ணப்படுவார்கள். நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் பாலத்தின் அடியிலும் உறங்குபவர்கள் வீடற்ற குடும்பங்கள். அவர்களை எண்ணுவதற்கென்று 2011 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. நாடு உறங்கும் நேரத்தில் கணக்கெடுப்பாளர்கள் தெருத் தெருவாகச் சென்று அவர்களை எண்ணினார்கள்.

இவ்வாறு எண்ணியபோது சென்னையில் 11,54,982 குடும்பங்கள் இருந்தன. குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர். அரியலூர், பெரம்பலூர் ஆகிய நம் இரு மாவட்டங்களின் மக்களையும் கூட்டினால் சுமார் 13 லட்சம் பேர் வருகிறார்கள். நம் பக்கத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய எட்டுமளவுக்கு அங்கே அடுப்புகளே இருந்தன என்றால் வியப்பாக இல்லையா?

ஆள் பதினாறு, அடுப்பு முப்பது

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2001-லிருந்து 2011 வரை தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சத்திலிருந்து 7 கோடியே 21 லட்சமாயிற்று. நூறு பேருக்குப் பதினாறு பேர் கூடினார்கள். அதே காலத்தில் குடும்பங்கள் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாயின. நூறு குடும்பத்துக்கு முப்பது குடும்பம் கூடின! ஆள் பெருகிய வேகத்தைப்போல இரு மடங்கு வேகத்தில் அடுப்பு பெருகியிருக்கிறது.

பிள்ளைகள் மிகுதியாகப் பிறந்ததால் இது நிகழவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே. மக்கள்தொகை குறையாமல் நிற்பதற்கு 2.1 வேண்டும். பின் எப்படிப் பெருகின? ஓர் உதாரணம் காண்போம். நம் ஊரில் பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், ஒரு தங்கை என ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுப்பு ஒன்று. மூத்த அண்ணன் அம்பத்தூரில் வேலை கிடைத்து நண்பர்களோடு அறை எடுத்துச் சமைக்கிறார். இளைய அண்ணன் திருமணமாகித் தாம்பரத்தில் தனிக்குடித்தனம் வைக்கிறார். தங்கை விடுதியில் படிக்கிறாள். இப்போது ஊரில் ஓர் அடுப்பு, அம்பத்தூரில் ஓர் அடுப்பு, தாம்பரத்தில் ஓர் அடுப்பு. புதிதாக எவரும் பிறக்கவில்லை. ஆனாலும் ஒன்று மூன்றாகிவிட்டது. ஊர் வீட்டில் மூவர்தான் மீதி. பாட்டியின் பக்கத்தில் சாப்பிட உட்காருவோர் குறைந்துவிட்டார்கள் என்பதைக் கணக்கெடுப்பாளரின் படிவத்தில் எழுத இடம் இல்லை.

திருவிவிலியத்தில் வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நாம் அறிவோம். அதற்காக சூசையப்பர் மரியன்னையோடு தம் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குப் பயணம் செய்தார். அங்கே அவரவர் சொந்த ஊரில் பெயர் பதிய வேண்டியிருந்தது. நம் நாட்டுக் கணக்கெடுப்போ அதற்கு நேர்மாறானது. எவர் எங்கே தங்கி வாழ்கிறாரோ அங்கேயே எண்ணப்படுகிறார். ஆகையால் அம்பத்தூர் அண்ணன் நம் மனக்கணக்கில் ரெட்டிபாளையத்தார். அரசின் கணக்கில் சென்னைப் பக்கத்தார். ஊரில் இருக்கிறார் என்று அங்கே உள்ளவர்களும், சென்னையில் எழுதியிருப்பார்கள் என்று இங்கே உள்ளவர்களும் விட்டுவிட்டால் அவர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடுவார். பள்ளிக்கூடம், குடிநீர், பேருந்து, சட்டமன்றத் தொகுதி எல்லாம் தலைக்கணக்கைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன. கணக்கில் இல்லாதவருக்குப் பங்கு எப்படி வரும்?

கொள்ளிடம் போகும் தூரம்

புதிய அடுப்பு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரும் சுவரும் வேண்டும். நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடத்தைக் கீழணையில் தேக்கி, வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அந்த ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் குழாயில் அனுப்பும் திட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தண்ணீரை 2011-இல் இருந்த குடும்பங்களுக்குப் பங்கிட்டால் வீட்டுக்குச் சுமார் பத்துக் குடம். அது போதாமல் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைக் கட்டினார்கள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லோ சிமெண்டாகிப் பல ஊர்களுக்கும் போய்ச் சுவராக நிற்கிறது. மாநகரம் வேறு, நாம் வேறு என்று எண்ண இடமில்லை. நம் ஆறும் கல்லும் ஆட்களும் சேர்ந்தே அந்த நகரம் வளர்கிறது.

அடுத்த கணக்கெடுப்பில் நம் கடமை

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா நோயினால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் படிக்கும் பிள்ளைகளாகிய நாமே.

முதலாவது, பயம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நாம் சொல்லும் விவரம் இரகசியமாகக் காக்கப்படும். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பாட்டிமாரை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, குடும்பத் தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. வீட்டார் யாரைத் தலைவர் என்று ஏற்கிறார்களோ அவரே தலைவர். அப்பா வெளியூரில் இருக்க, அம்மாவே வீட்டை நடத்தினால் அம்மாவின் பெயரை முதலில் எழுதச் சொல்லலாம்.

மூன்றாவது, “உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டால், “சும்மா வீட்டில்தான் இருக்கிறார்” என்று சொல்லிவிடாதீர்கள். சொந்த நிலத்தில் கூலி வாங்காமல் களை எடுத்தாலும், மாடு வளர்த்துப் பால் கறந்தாலும் அது 2011 கணக்கெடுப்பின் விதிப்படியே வேலைதான். சொல்லாமல் விட்டால் அது எழுதப்படாது. சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் மட்டும் அந்த விதியில் வேலையாகச் சேரவில்லை; வீட்டுக் கடமை என்றே எழுதப்பட்டன. குடும்பத்தையே அடுப்பைக் கொண்டு எண்ணுகிற கணக்கு, அந்த அடுப்பின் அருகில் நிற்பவரின் உழைப்பை வேலை என்று எண்ணவில்லை! இதனை மாற்றும் அறிவும் பொறுப்பும் நாளை நம் கையில் வரலாம். அதற்காகவும் நாம் நன்கு படிக்க வேண்டும்.

தோழியரே, இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலரும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்னை செல்வோம். அங்கே நாம் மூட்டும் அடுப்பும் ஒரு குடும்பமாக எண்ணப்படும். அன்று ரெட்டிபாளையத்தில் ஓர் அடுப்பைச் சுற்றி ஆள் குறைந்திருக்கும் என்பதை மறவாதிருப்போம். எண்ணிக்கையில் பிரிந்தாலும் அன்பில் பிரியாதிருப்போம். ஒவ்வொருவரும் எண்ணப்பட வேண்டும். எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் மதிக்கப்பட வேண்டும்.