தைப்பவர் மகளுக்கு எட்டுமா ஆடை வடிவமைப்புப் பட்டம்?

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: பெங்களூருவின் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதியில் 'நிஃப்ட்' என்று அழைக்கப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில், பொம்மனஹள்ளி இருக்கிறது. முதல் இடத்தில் ஓர் ஆடையை எப்படி வரைவது, எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது என்பதை மாணவர்கள் நான்கு ஆண்டுகள் படிக்கின்றனர். இரண்டாவது இடத்தில், ஏற்றுமதி நிறுவனங்களின் தையல் கூடங்களில், அதே ஆடையை ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் தைத்து முடிக்கின்றனர். தமிழ் பேசும் பெண்களும் அவர்களில் உண்டு.

ஒரே தொழிலின் இரு முனைகளான இவ்விரு இடங்களுக்கும் இடையே ஆள் போக்குவரத்து மிகக் குறைவு. தையல் மெஷினில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மகள் அந்த வளாகத்தில் மாணவியாக நுழைவது இன்றும் அரிது. இதைக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான சிறு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நிஃப்ட், நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனம். அதன் ஆட்சிக் குழுவில் 3 எம்.பி.க்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்த வாசல் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதற்கு நாடாளுமன்றமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

சட்டம் தந்த பட்டம்

நிஃப்ட் 1986-ல் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் தில்லியில் தொடங்கப்பட்டது. நியூயார்க் நகரிலுள்ள ஃபேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அதன் தொடக்க காலத்தில் கல்வி ஒத்துழைப்பை அளித்தது. வெளிநாட்டு நிறுவனம் அனுப்பும் மாதிரியைப் பார்த்துத் தைத்துக் கொடுப்பதோடு இந்திய ஏற்றுமதி நின்றுவிடக் கூடாது, மாதிரியை உருவாக்கும் திறமையும் இங்கேயே வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். 1995-ல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு விரிவடைந்த நிறுவனம், 1997-ல் பெங்களூருவிலும் கால் பதித்தது.

எனினும் இரு பத்தாண்டுகள் வரை அங்கு படித்தவர்களுக்குக் கிடைத்தது பட்டயச் சான்றிதழ் மட்டுமே. மன்மோகன் சிங் தலைமையிலான அரசில் சங்கர்சிங் வகேலா ஜவுளித் துறை அமைச்சராக இருந்தபோது, 2006-ல் நிஃப்ட் சட்டம் நிறைவேறியது. அதன் மூலம் நிறுவனம் சட்டப்பூர்வத் தகுதி பெற்றது; பட்டம் வழங்கும் அதிகாரமும் கிடைத்தது. குடியரசுத் தலைவர் அதன் பார்வையாளர் ஆனார். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் அரசுத் தேர்வுகளையும் மேற்படிப்பையும் நாடிய மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை விளக்கத் தேவையில்லை.

மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு அளிக்கும் சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2008 ஏப்ரல் 10-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்று நிஃப்ட் சேர்க்கையில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கும், பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கும் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது.

என்ன படிக்கிறார்கள்?

ஆடை வடிவமைப்பு என்றவுடன் மேடையில் அழகிகள் நடந்து வரும் காட்சியே பலருக்கு நினைவுக்கு வரும். வகுப்பறையில் நடப்பது பெரும்பாலும் கணக்கு, கைவேலை. முதலாண்டில் ஓவியம், வடிவியல், நிறம், பொருள்களின் தன்மை ஆகிய அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. பின்னர் நார், நூல், நெசவு, சாயம் என்று துணியின் இயல்பு பாடமாகிறது. பாவு நூலும் ஊடை நூலும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்க்காமல் துணியை வெட்டினால், தைத்த ஆடை இரண்டு சலவைக்குள் முறுக்கிக்கொள்ளும் என்பதை மாணவர்கள் கையால் செய்து கற்கிறார்கள்.

படிப்பின் மையம் பேட்டர்ன் தயாரித்தல். மனித உடல் வளைவுகள் நிறைந்தது, துணியோ தட்டையானது. தட்டையான துணியில் எங்கே மடிப்புப் பிடித்தால், எங்கே எவ்வளவு வெட்டினால் அது மார்பிலும் தோளிலும் இடுப்பிலும் பொருந்தி நிற்கும் என்பதைத் தாளில் வரைந்து காட்ட வேண்டும். தையலுக்கு விட வேண்டிய ஓர இடம், உடல் அசைவுக்கு விட வேண்டிய தளர்வு, ஒரே மாதிரியைப் பல அளவுகளுக்குப் பெருக்கும் முறை ஆகியவை இதில் அடங்கும். ஊரில் அனுபவம் மிக்க ஒரு கட்டிங் மாஸ்டர் கண்ணளவில் செய்வதை, காரணத்தோடும் கணக்கோடும் செய்யக் கற்பதே இப்படிப்பு என்று சொல்லலாம்.

அடுத்து, மலிவான காடாத் துணியில் மாதிரி தைத்துப் பார்த்துப் பிழை திருத்துவது, காலர், கை, பாக்கெட், காஜா என ஒவ்வொரு பகுதியாகத் தைப்பது, கணினியில் வரைவது எனப் பாடங்கள் நீள்கின்றன. நெசவு, கைவினைக் கிராமங்களுக்குச் சென்று கைவினைஞர்களிடம் பயில்வதும் பாடத்திட்டத்தின் பகுதி. இல்கல் சேலையும் சந்தூர் லம்பாணி எம்பிராய்டரியும் கொண்ட கர்நாடகத்தில் இதற்குக் குறைவில்லை. நிறைவாக ஆடை நிறுவனங்களில் பயிற்சியும், இறுதித் திட்டப் பணியும் உண்டு. கொல்கத்தா நிஃப்ட்டில் 1999-ல் படிப்பை முடித்த சப்யசாச்சி முகர்ஜி போன்றோரின் புகழ் இந்த அடித்தளத்தின் மீது எழுந்ததே.

நிமிடக் கணக்கின் இரு முனைகள்

வடிவமைப்புப் பட்டத்துடன், ஆடை உற்பத்திக்கென்றே பி.எஃப்.டெக். என்ற நான்காண்டுத் தொழில்நுட்பப் பட்டமும் நிஃப்ட்டில் உள்ளது. ஒரு சட்டை தொழிற்கூடத்தில் எப்படி உருவாகிறது என்பதே அதன் பொருள். அங்கே ஒருவரே முழுச் சட்டையையும் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கைமடிப்பு, ஒருவர் தோள் இணைப்பு, ஒருவர் காஜா எனப் பல பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து ஆளுக்கு ஒரு வேலை மட்டும் செய்கின்றனர். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது நிமிடத்தின் பின்னம் வரை அளக்கப்படுகிறது. அந்த அளவை வைத்தே விலை பேசப்படுகிறது. அந்த அளவை வைத்தே மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு எழுதப்படுகிறது.

இப்படிப்பின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. வகுப்பறையில் ஒரு மாணவர் கற்கும் நேர அளவீடு, பின்னாளில் அவர் அதிகாரியாகும்போது, மெஷினில் இருக்கும் பெண்ணின் ஒரு மணி நேரமாக மாறுகிறது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்திருக்க முடியுமா என்பதைக்கூட அந்த எண்தான் முடிவு செய்கிறது. 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்த பிறகு, ஆடையின் விலைக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்ற கேள்வியை உலகமே கேட்டது. இலக்கை எழுதுபவரும் இலக்கை எட்டுபவரும் ஒருவரையொருவர் அறியாத இரு உலகங்களிலிருந்து வருவது நல்லதல்ல.

2016 ஏப்ரலில் நடந்தது

அந்த இன்னோர் உலகத்தை நாட்டின் தலைநகரம் ஒருமுறை உற்று நோக்க நேர்ந்தது. 2016 பிப்ரவரி 10-ல் மத்திய அரசு வருங்கால வைப்பு நிதி விதிகளைத் திருத்தி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நிறுவனம் செலுத்தும் பங்குத் தொகையைத் தொழிலாளர்கள் 58 வயது வரை எடுக்க முடியாது என்பது அதன் சாரம். ஏப்ரல் 18-ல் பெங்களூரு ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தையல் கூடங்களை விட்டு வெளியேறிச் சாலைக்கு வந்தனர். பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலை முடங்கியது. பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைப்பு விடுக்கவில்லை. தலைவர் என்று எவரும் முன்னே நிற்கவில்லை. மறுநாள் சில இடங்களில் வன்முறையும் மூண்டு வாகனங்கள் எரிக்கப்பட்டன. அன்றே, அப்போதைய தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அந்த அறிவிக்கை திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

அப்பெண்களுக்கு வைப்பு நிதி என்பது ஓய்வுக்காலச் சேமிப்பாக மட்டும் இருக்கவில்லை. கடனை அடைக்கவும், திருமணச் செலவுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கும் அவர்கள் நம்பியிருந்த ஒரே மொத்தப் பணம் அது. மகளை மெஷினில் உட்கார வைக்கக் கூடாது என்பதற்காகச் சேர்த்த பணம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

இரு மொழி வாசல்

அந்த மகள் பிளஸ் 2 முடித்து நிஃப்ட்டுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? 2024-ம் ஆண்டுச் சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. வரையும் ஆற்றலையும் கற்பனையையும் சோதிக்கும் தேர்வு, பொது அறிவையும் மொழியறிவையும் கணக்கையும் சோதிக்கும் தேர்வு, பின்னர் கொடுக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு கையால் ஒரு மாதிரி செய்து காட்டும் தேர்வு என வடிவமைப்புப் படிப்புகளுக்குப் பல கட்டங்கள் உள்ளன. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது.

இதே முகமை, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வையும் பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழ், கன்னடம் உள்பட 13 மொழிகளில் நடத்துகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது தேர்வு தாய்மொழியில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவக் கல்லூரியிலும் பாடம் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? உடல் அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டலாம் என்றால், ஒரு பாவாடையின் கொசுவத்தைத் தமிழில் விளக்க முடியாதா? இந்தி பேசும் மாநில மாணவருக்குத் தாய்மொழியில் கிடைக்கும் வினாத்தாள், நாட்டின் பின்னலாடைத் தலைநகரான திருப்பூர் மாணவருக்கும் ஆடை ஏற்றுமதி நகரமான பெங்களூரு மாணவருக்கும் மறுக்கப்படுவது எந்த நியாயத்தில் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

மொழியைக் கடந்தால் கட்டணம் நிற்கிறது. ஒரு பருவத்துக்கே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் கட்டணம், ஆண்டுக்கு இரு பருவம், நான்கு ஆண்டு. விடுதி, துணி, கருவிச் செலவு தனி. வருமானம் குறைந்த மாணவர்களுக்கு 'சார்த்தக்' என்ற பெயரில் நிதியுதவித் திட்டத்தை நிஃப்ட் வைத்துள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உதவி கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாத தாய், விண்ணப்பப் படிவத்தையே வாங்க மாட்டார்.

மூன்று நாற்காலிகள்

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. ஏற்றுமதியாளர்களின் ஆதரவில் 1991 முதல் இயங்கும் ஆடைப் பயிற்சி மற்றும் வடிவமைப்பு மையங்கள் உள்ளன. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1997-ல் நிஃப்ட்-டீ கல்லூரியைத் தொடங்கியது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ஆனால் இந்தப் படிக்கட்டுகள் மேல் மாடியோடு சேரவில்லை. பட்டயப் படிப்பு முடித்தவர்கள் நிஃப்ட்டின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழும் பத்தாண்டுத் தையல் அனுபவமும் மட்டும் உள்ள பெண்ணுக்கு அந்த வழி திறக்காது. கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கு எனத் தனிச் சேர்க்கை முறையை நிஃப்ட் ஏற்படுத்தியிருக்கிறது. தொழிற்கூடத்தில் தைப்பவரின் பிள்ளைகளுக்கு அதுபோன்ற ஒன்றை ஏற்படுத்துவது இயலாத காரியம் அல்ல.

நாடாளுமன்றத்தில் ஜவுளித் துறை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் நூல் விலை, விசைத்தறி, வரி, ஏற்றுமதி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. அவை அவசியமானவையே. 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்த பிறகு, கூலி மலிவு என்பதை மட்டும் நம்பி நிற்க முடியாது என்று எல்லா அரசுகளும் சொல்லி வந்துள்ளன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது அந்த உண்மை மீண்டும் சுட்டது. வடிவமைப்பில் முன்னேற வேண்டும் என்றால், துணியைத் தொட்டுத் தொட்டே அறிந்த குடும்பங்களின் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு முன்னேற முடியுமா?

மக்களவையிலிருந்து 2 பேர், மாநிலங்களவையிலிருந்து ஒருவர் என நிஃப்ட் ஆட்சிக் குழுவில் 3 நாற்காலிகள் எம்.பி.க்களுக்கு உள்ளன. தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாடு ஆகிய மூன்று துறைகளையும் ஆராய ஒரே நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. தையல் கூடமும் வகுப்பறையும் அதன் ஒரே மேசைக்கு வருகின்றன. தேர்வு மொழி, கட்டண உதவி, தொழிலாளர் பிள்ளைகளுக்கான சேர்க்கை ஆகிய மூன்றையும் அங்கே எழுப்பப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தில்லி வரும் உறுப்பினர்களில் முதலில் எழுந்து கேட்கப் போவது யார் என்பதே பொம்மனஹள்ளியில் காத்திருக்கும் கேள்வி.