உச்சிக்குழி சொல்லும் செய்தி

பிறந்த குழந்தையின் நடு உச்சியில் மெத்தென்று விரலுக்குத் தட்டுப்படும் உச்சிக்குழி ஒரு குறைபாடு அன்று; மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று இணையாமல் விட்டுவைத்திருக்கும், உறுதியான சவ்வால் மூடப்பட்ட இடைவெளி அது.

தாயின் இடுப்பெலும்பு வளையத்தைக் கடக்கும்போது தலை சற்றே குறுகியாக வேண்டும். தையல்கள் எனப்படும் எலும்பு இணைப்புக்கோடுகள் அப்போது நெகிழ்ந்திருப்பதால்தான் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறி வழிவிடுகின்றன. சுகப்பிரசவத்தில் பிறந்த பல குழந்தைகளின் தலை முதல் சில நாள்கள் நீண்டு காணப்படுவதற்கு இதுவே காரணம். அது தானே சரியாகிவிடும் என்பதால், குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருண்டையாக்க முயல்வது தேவையற்றது, தீங்கானதும்கூட. மூத்தவர்கள் அன்போடு செய்தாலும் இதைத் தடுத்தே ஆகவேண்டும்.

பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு, மூளையின் வேகமான வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து, ஓராண்டில் ஏறத்தாழ 46 செ.மீ. ஆகிறது. பின்னந்தலையிலுள்ள சிறிய குழி 2, 3 மாதங்களில் மூடிவிட, முன்னுச்சிக் குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடுகிறது.

நாடித்துடிப்போடு உச்சி லேசாக எழுந்து தணிவது இயல்பே. ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கின்போது அது உள்வாங்கினால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். அழாமல் நிமிர்ந்திருக்கும் குழந்தைக்கு அது புடைத்து இறுகியிருந்தால், மூளையுறை அழற்சி போன்ற கடும் நோயாக இருக்கக்கூடும். இவ்விரு நிலைகளிலும், உச்சியில் எண்ணெய் வைத்துக் காத்திராமல், குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.