'வெக்கை' வேல்கம்பு எடுத்த கதை

2018 டிசம்பரில் 'அசுரன்' முதல் போஸ்டர் வந்தபோது கோவில்பட்டி வட்டாரத்தில் எழுத்தாளர் பூமணியைப் படித்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய 'வெக்கை' நாவல் படமாகிறது! வெற்றிமாறன் எடுக்கிறார், தனுஷ் நடிக்கிறார், கலைப்புலி தாணு தயாரிக்கிறார். 'வட சென்னை' வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அந்தக் கூட்டணி எங்கள் கரிசலுக்கு வண்டி கட்டிவிட்டது.

இந்த மண்ணின் எழுத்து அதற்கு முன்பும் திரைக்குப் போயிருக்கிறது. இடைசெவல் எழுத்தாளர் கி.ரா.வின் 'கிடை' 2003-இல் அம்ஷன்குமார் கையில் 'ஒருத்தி' ஆனது. பூமணியே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' இயக்கினார். ஆனால் ஊரில் கட்அவுட் வைத்து, பால் ஊற்றி, விசிலடித்து வரவேற்கிற அளவுக்கு ஒரு கரிசல் நாவல் வளரும் என்று யார் நினைத்தது?

'வெக்கை' 1982-இல் வந்த நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம் நிலக்காரன் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அதற்கப்புறம் அய்யாவும் மகனும் காடு, ஓடை, மலை என்று ஒளிந்து திரிகிற ஒரு வாரத்துச் சொச்சம்தான் கதை. நாவலின் ரசிகர்கள் கூடினால் அந்தக் கொலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். எங்கே படுத்தார்கள், எதைப் பொறுக்கிக் காய்ச்சிக் குடித்தார்கள், இருட்டில் எந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினார்கள் என்றுதான் பேச்சு ஓடும். அதனால்தான் அவ்வளவு படபடப்பு. இதையெல்லாம் கேமரா எப்படிப் பிடிக்கும்?

படப்பிடிப்பு 2019 ஜனவரி 26-ஆம் தேதி தொடங்கியது. கரிசலைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தேதியே ஒரு தகவல். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைத்தது தை மாசியில் வெள்ளாமையாக நிற்கும். பருத்தி வெடிக்கும், உளுந்து காயும், மிளகாய் சிவக்கும். பங்குனி பிறந்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும், கால் நுழைகிற அகலத்துக்கு. நிறம் மாறிக்கொண்டே இருக்கிற இந்தப் பூமிக்குள் ஒளிப்பதிவாளர் வேல்ராஜ் வந்து இறங்கினார். கலை இயக்கத்துக்கு ஜாக்கி, சண்டைக்கு பீட்டர் ஹெயின். டீக்கடையில் பேச்சே அதுதான்: "இன்னைக்கு எந்தப் பக்கம் ஷூட்டிங்?" யார் போனிலிருந்தோ ஒரு மங்கலான படம் வரும். தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் பொட்டலில் தூரத்தில் நடந்துபோவார். அது தனுஷா, துணை நடிகரா, ஆடு மேய்க்கிற மாமாவா என்று ஒரு பகல் முழுக்க ஆராய்ச்சி நடக்கும்.

எல்லாரும் குழம்பியது வயதில்தான். அப்போது தனுஷுக்கு 35. சிவசாமியாக நடிக்கும் அவருக்குப் படத்தில் மீசை முளைத்த இரண்டு மகன்கள், டீஜேயும் கென் கருணாஸும். மனைவி பச்சையம்மாளாக மஞ்சு வாரியர், தமிழில் அவருக்கு அதுதான் முதல் படம். மலையாளத்தில் அவ்வளவு பெரிய பெயர் எடுத்தவர் எங்கள் பேச்சை எப்படிப் பேசப்போகிறாரோ என்று பலருக்கும் உள்ளுக்குள் உதறல். திரையில் பெரிய மகனை இழந்த தாயாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜி.வி. பிரகாஷ் இசையில் சைந்தவி பாடிய அந்த ஒப்பாரியை எங்கள் ஊர்ப் பெண்கள் இன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

அக்டோபர் 4, 2019, படம் வெளியான நாள். படம் நிலாவில் தொடங்குகிறது. தண்ணீருக்குள் கிடக்கிற நிலா, அதைக் கலக்கிக்கொண்டு நடக்கிற கால்கள். அந்த ஒரு ஷாட்டிலேயே மனசு நிறைந்துவிட்டது. அய்யாவும் மகனும் ராவோடு ராவாக நடக்கிறார்கள், ஐயா! நாவலின் மூச்சு அப்படியே இருக்கிறது!

அங்கிருந்து வெற்றிமாறனும் மணிமாறனும் திரைக்கதையில் செய்திருக்கிற வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். நாவல் பையனோடு ஓடுகிறது. படமோ பாரத்தைத் தூக்கி அப்பன் தோளில் வைக்கிறது. யார் வைதாலும் வாங்கிக்கொண்டு, யார் காலிலும் விழுந்து எழுகிற சிவசாமியை மகனே கோழை என்று நினைக்கிறான். அந்த மகன் உயிருக்கு ஆபத்து வருகிற நொடியில் அதே சிவசாமி வேல்கம்பைப் பிடிக்கிறார் பாருங்கள், இடைவேளை! பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். புத்தகத்தைப் பத்துத் தடவை படித்தவனுக்கும் இப்படி ஒரு காட்சி வரப்போகிறது என்று தெரியாது.

இரண்டாம் பாதியில் விரிகிற இளமைக்கதைக்கு நாவலில் இத்தனை இடம் கிடையாது. செருப்புப் போட்டு நடந்த பெண்ணுக்கு நேர்கிற அவமானம், பஞ்சமி நிலம், தீ வைக்கப்படுகிற குடிசைகள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது நினைவுக்கு வராமல் அந்தத் தீயைப் பார்க்க முடியாது. தஞ்சைச் சமவெளியின் காயத்தைக் கரிசலில் கொண்டுவந்து வைத்ததை ஒப்பாதவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே பட்டது. நாவலில் சாதிப் பெயர் சொல்லாமலே எல்லாம் விளங்கும். தியேட்டரில் ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போது அந்தச் செருப்பு தேவைப்படுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. சமைத்துத் தின்று மரத்தடியில் படுத்துக் கிடக்கிற அந்த நிதானமான பக்கங்கள் இன்னும் ஒரு பத்து நிமிஷமாவது வந்திருக்கலாம்.

மற்றது ஊரறிந்தது. 67-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், தனுஷுக்குச் சிறந்த நடிகர். 2021-இல் வெங்கடேஷ் நடிக்க 'நாரப்பா' என்று தெலுங்குக்குப் போய், அனந்தபுரத்து வறண்ட காட்டில் கால் பதித்தது.

இப்போது எங்களுக்கு அடுத்த ஆசை பிடித்துக்கொண்டது. 'அஞ்ஞாடி'! பூமணிக்கு 2014-இல் சாகித்ய அகாதமி வாங்கிக்கொடுத்த நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல், தலைமுறை தலைமுறையாக ஓடுவது. ஆண்டி, மாரி என்று இரண்டு சிநேகிதர்களில் தொடங்கி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரை போவது. ஒரு படத்தில் அடங்காது, தொடராகத்தான் எடுக்கவேண்டும். சின்ன வயசு ஆண்டிக்கும் மாரிக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே பிடித்துப் போடலாம், பேச்சு சொல்லிக்கொடுக்கிற செலவு மிச்சம். கழுகுமலை இங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும், வெட்டுவான் கோயிலும் பாறையும் செட்டுப் போடாமலே தயாராக நிற்கின்றன. வேல்ராஜ் சார், மழை முடிந்து தை மாசம் வாங்க, அப்பத்தான் பருத்தி வெடிச்சிருக்கும்.