மருமகள் வந்தாச்சு, ஓ.டி.பி. வரலை!

தமிழ்நாட்டு நெமிலிக்கும் ஆந்திரத்து நகரிக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கம், நடுவில் இருக்கும் மாநில எல்லையைவிட வயதில் மூத்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைக் கல்தான் நகர்ந்தது. அத்தை மகளும் மாமன் மகனும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இன்றைக்கும் திருத்தணி மலையில் தாலி கட்டிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மாமியார் வீட்டில் விளக்கேற்றிவிடுகிறாள் பெண். அவளுக்கு இது வெளியூரே கிடையாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அவள் வெளிமாநிலத்துக்காரி.

வில்லங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியும். பெண்ணின் பெயர் இருப்பது அப்பா வீட்டு ஆந்திர ரேஷன் கார்டில். அங்கே அவளுக்கு என்.டி.ஆர். வைத்திய சேவா உண்டு. இங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2012 முதல் நடக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருந்தால்தான் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி. அட்டையில் ஏற வேண்டுமென்றால் அங்கே பெயரை நீக்கி, சான்று வாங்கி வர வேண்டும். நீக்கியாயிற்று, சேர்க்கவில்லை என்கிற இடைவெளியில் அவள் எந்த மாநிலத்துத் திட்டத்திலும் இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் என்று சொல்கிறார்களே என்றால், அது அரிசிக்கு, காப்பீட்டுக்கு அல்ல.

இந்தச் சுற்றுவழியில் போகாமலே தப்பிக்கிற ஒரு கூட்டம் நெமிலி வட்டாரத்தில் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் மாப்பிள்ளைகள். அவர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு ஒரு பிடித்தம் இருக்கும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி போடுவது 3.25 சதவீதம், 390 ரூபாய். சட்டம் ‘குடும்பம்’ என்று சொல்வதில் மனைவிதான் முதல் ஆள். கல்யாணத்துக்காகத் தனிச் சந்தா கிடையாது. சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா என்ற விசாரணை கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் ஏறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உயர் சிகிச்சைக்கு மட்டும், தொழிலாளி எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறார் என்று பார்ப்பார்கள்.

இதே பாதுகாப்பைத் தனியார் பாலிசியில் தேடிப் பார்க்கட்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி; அதற்கு முன் நான்கு வருடம். பிரசவச் செலவுக்குத் தனிக் காத்திருப்பு. புதுமணத் தம்பதிக்கு அதுவரை பொறுமை இருக்குமா என்பது பாலிசி எழுதியவர்களுக்கும் தெரிந்ததுதான்.

இத்தனை இருந்தும் இ.எஸ்.ஐ. அட்டையில் மனைவி பெயரைச் சேர்க்காமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. மருந்தகத்தில் கூட்டம், மாத்திரை சரியில்லை என்று ஆயிரம் குறை. பாதிக்கு மேல் நியாயமான குறைதான். ஆனால் வேலூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில், வலியில் துடிக்கும் மனைவியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அட்டையில் பெயர் தேடுவதற்கு இந்தக் குறைகள் எதுவும் சமாதானம் ஆகாது. கம்பெனி டைம் ஆபீஸில் சொல்லி விவரத்தை ஏற்றி, புது அட்டையை அச்செடுத்து, குடும்பப் போட்டோ ஒட்டி, முத்திரை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று எழுதுவது எளிது. நடுவில் ஓ.டி.பி. என்று ஒன்று வருகிறதே!

பெண்ணின் ஆதாரோடு இணைந்திருக்கும் போன் நம்பர் யாருடையது? பெரும்பாலும் அப்பாவுடையது, இல்லாவிட்டால் அண்ணனுடையது. நெமிலி இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால், குறுஞ்செய்தி போய் விழுவது நகரியில். அவர் விசைத்தறிக்காரர் என்றால் தறிச் சத்தத்தில் போன் மணி கேட்காது. கேட்டாலும் கண்ணாடியைத் தேட வேண்டும். கண்ணாடி கிடைத்தாலும், ‘யாரு கேட்டாலும் நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு டி.வி.யில சொல்றானே மாப்பிள்ளை’ என்று இழுப்பார். மோசடிக் கும்பலுக்குப் பயந்த மாமனாரைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குள் பத்து நிமிடக் கெடு முடிந்துவிடும். மையத்துக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

எல்லாம் ஆன்லைனில் வந்தபிறகு அலைச்சல் குறைந்திருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. போன் சொந்தமாக இருப்பவர்களுக்குக் குறைந்திருக்கிறது.

பரிகாரம் சின்னதுதான். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் நம்பரை மாற்றித் தருவார்கள். அதற்கென்று தனி ஆவணமோ பழைய நம்பரோ கேட்பதில்லை. எந்த நம்பரைக் கொடுப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு தப்பு நடக்கிறது. அப்பா நம்பரை எடுத்துவிட்டுக் கணவர் நம்பரைப் போடுகிறார்கள். கணவருக்கு நைட் ஷிஃப்ட், போன் கம்பெனி லாக்கரில். மனைவிக்கு நடுராத்திரியில் எது வந்தாலும் அது லாக்கருக்குள் கிடந்து சிணுங்கும். பெண்ணுக்கே ஒரு நம்பர், அவள் கையிலேயே போன் என்பது சீர்வரிசைப் பட்டியலில் பீரோவுக்கு முன்னால் வர வேண்டிய சங்கதி.

கடல் தாண்டும் பெண்களுக்கு இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். துபாயில் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளும் கணவர்தான் அவளுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும்; 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பிரிட்டனுக்குப் போகிறவர் மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று கணக்கிட்டு விசா விண்ணப்பத்தோடே கட்ட வேண்டும். நகரியிலிருந்து நெமிலிக்கு விசா இல்லை. அதனால் கேட்கவும் ஆளில்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 2017 முதல் அதேதான். இன்கிரிமென்ட் வந்து அதைத் தாண்டினால், செப்டம்பரிலோ மார்ச்சிலோ முடியும் அந்தச் சந்தா அரையாண்டு வரைதான் பிடித்தம். அதன்பின் கணவரோடு சேர்ந்து மனைவியும் வெளியே. ஓவர்டைம் பணத்தை இந்த வரம்புக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பிரசவத்துக்கு எப்படியும் தாய்வீடு போவாள். இ.எஸ்.ஐ. வசதி இல்லாத இடத்தில் பிரசவம் நடந்தால், தொழிலாளியின் மனைவி என்ற முறையில் 7,500 ரூபாய் வரும், இரண்டு பிரசவம்வரை. அவளே தொழிலாளியாக இருந்தால் கணக்கு வேறு. நெமிலி தாலுகா பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 டிசம்பரில் ஒரு பெரிய காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தையல் பிரிவென்றால் இந்த வட்டாரத்தில் பெண்கள்தான். அப்படி ஒரு வேலையில் சேர்ந்து, முந்தைய இரண்டு சந்தா அரையாண்டுகளில் 70 நாளாவது சந்தா கட்டியிருந்தால், பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் அவள் பேருக்கே, அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.