அந்தக் கையெழுத்து யாருடையது?

தபால்தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சினிமா நட்சத்திரங்களின் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அமெரிக்காவிலும் இப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு. பேஸ்பால் வீரர்களின் புகைப்படங்களில் அவர்களுடைய கையெழுத்தை வாங்கிச் சேர்ப்பார்கள்.

பேஸ்பால் என்றதும் மலைக்க வேண்டாம். நம் பள்ளிகளில் பிள்ளைகள் விளையாடும் ரவுண்டர்சுக்கு அது நெருங்கிய உறவு. பந்தை மட்டையால் அடித்துவிட்டு முனைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். அந்த ஆட்டத்தின் மீது அமெரிக்கர்களுக்கு அப்படியொரு மோகம்!

கரும்புத் தோட்டத்துப் பிள்ளை

போர்ட்டோ ரிக்கோ தீவில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் ரொபெர்ட்டோ கிளெமெந்தே. தகப்பனார் கரும்புத் தோட்டத்தில் கங்காணி. மகன் 1955 முதல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் ஆடிப் புகழின் உச்சியைத் தொட்டார்.

1972 டிசம்பரில் நிக்கராகுவா நாட்டில் பெரும் நிலநடுக்கம். அங்குள்ள மக்களுக்கு உணவும் மருந்தும் திரட்டினார் கிளெமெந்தே. முன்பு அனுப்பியவை ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, டிசம்பர் 31ஆம் நாள் தாமே விமானம் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 38.

அவர் கையெழுத்திட்ட படம் இனிமேல் ஒன்றுகூடப் புதிதாக வராது. இருப்பதை வைத்திருப்பவர் பொக்கிஷமாகக் காப்பதில் வியப்பில்லை. 1948இல் மறைந்த பேப் ரூத் கையெழுத்திட்ட படங்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான அமெரிக்க வெள்ளிக்கு விலைபோகின்றன.

போலிகளின் திருவிளையாடல்

விலை ஏறினால் திருடன் வராமல் இருப்பானா? 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. டோனி குவின் என்ற வீரர், தம் குழுவின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையெழுத்து விற்கப்படுவதைக் கண்டு தகவல் கொடுத்தார். பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரேசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது! அன்னைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

இதன் பிறகு, 2001 முதல் பெரிய குழுக்களின் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. வீரர் கையெழுத்திடும்போது சாட்சி ஒருவர் உடனிருந்து பார்ப்பார். பிறகு எண் பொறித்த ஒட்டுத்தாளை அந்தப் பொருளில் ஒட்டுவார்.

நீங்களும் சோதிக்கலாம்

யாருடைய கையெழுத்துப் படமானாலும் இவற்றைக் கவனியுங்கள்:

* படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேனாவால் எழுதிய மை பெரும்பாலும் தனியே மினுங்கும்.
* பூதக்கண்ணாடியில் எழுத்து முழுவதும் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால், அது அச்சடித்தது.
* பேனாவின் காலத்தைப் பாருங்கள். மார்க்கர் பேனா 1950களில்தான் பரவியது. அதில் பேப் ரூத் எப்படிக் கையெழுத்திட்டிருக்க முடியும்?
* ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாக வந்த படம் என்றாலும் எச்சரிக்கை தேவை. வீரருக்குப் பதிலாக உதவியாளர் கையெழுத்திட்டு அனுப்பியதும் உண்டு.
* நல்ல படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மை மங்கிவிடும். பசையும் ஒட்டுநாடாவும் கூடாது.

கையெழுத்து என்பது வெறும் மை அல்ல. அந்த மனிதர் ஒரு கணம் இந்தப் படத்தைத் தொட்டார், நமக்காகப் பேனாவை எடுத்தார் என்பதற்கான அடையாளம். போலி செய்கிறவன் பணத்தோடு அந்தக் கணத்தையும் சேர்த்தே திருடுகிறான். ஆகவே, உங்கள் பிள்ளை கையெழுத்துச் சேர்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். கடையில் காசு கொடுத்து வாங்குவதைவிட, தான் மதிக்கும் ஒருவர் முன் நேரில் நின்று, பணிவோடு நோட்டை நீட்டிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். கண்முன்னே வாங்கிய கையெழுத்துக்கு வேறு சாட்சி எதற்கு?